அணையிட்ட ஆறும் ஆலைக் கிராமமும்

ஓடுகின்ற ஆற்றுக்கு உடையவன் யார்? மலையிற் பெய்த மழை பள்ளம் நோக்கிப் பாய்கின்றது. பொருள் படைத்தவன் அதனை மறித்து அணையிட்டு, அதன் விசையைத் தன் இயந்திரத்திற்குத் திருப்பிக் கொள்கின்றான். அவ்வியந்திரத்தின் முன் நின்று உழைப்போருக்கு அந்தப் பயனில் பங்கு என்ன? இதனை ஆராய விரும்புவோர் ஸ்காட்லாந்திலுள்ள நியூ லானார்க் என்னும் சிற்றூரின் வரலாற்றை அறிதல் நன்று.

கிளைடு நதி அவ்விடத்தில் பாறைப் பள்ளத்தாக்கினூடே அருவிகளாக வீழ்ந்து செல்கின்றது. 1784-ம் ஆண்டில் கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல் என்பார், நீர் விசையால் பஞ்சு நூற்கும் முறையிற் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட்டுடன் அங்கு வந்து இடத்தைத் தேர்ந்தார். ஆற்றின் குறுக்கே சிறு அணை எழுந்தது. பாறையைக் குடைந்து கால்வாய் வெட்டி, நீரை ஆலைச் சக்கரங்களுக்குக் கொணர்ந்தனர். 1786-ல் நூற்பு தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் ஆலைகள் நான்காயின. வாழ வழியின்றிக் கடல் கடக்கப் புறப்பட்ட மலைநாட்டுக் குடிகள் பலர் அங்கு வேலை தேடி வந்து குடியேறினர்.

ஆயினும் ஆலைக்கு வேண்டியிருந்தவை பெரும்பாலும் பிஞ்சுக் கரங்களே. 1793-ல் அங்கு உழைத்த 1,100-க்கு மேற்பட்டோருள் பெரும்பகுதியினர் சிறுவர் சிறுமியர். அநாதைக் குழந்தைகள் பலரை ஆலையே உணவும் உடையும் தந்து வைத்திருந்தது. காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை வேலை. இடையில் உணவுக்கென ஒன்றரை மணி ஓய்வு. அதன் பின்னரே பள்ளி! தூக்கத்தால் தலை சாயும் குழந்தைக்கு எழுத்து எங்ஙனம் ஏறும்?

டேல் கொடியவர் அல்லர். கிளாஸ்கோவில் அடிமை வாணிகத்தை ஒழிக்கத் தோன்றிய சங்கத்திற்குத் தலைமை வகித்தவர் அவரே. ஆனால் அக்காலத்து ஆலைகளுக்கு வந்த பஞ்சோ, பெரும்பாலும் கடலுக்கு அப்பால் அடிமைகள் கண்ணீர் சிந்தி விளைத்த பஞ்சு! தனி மனிதரின் நல்லெண்ணம் ஒருபுறம் நிற்க, முறை கெட்ட தொழில் தன் வழியே நடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1800-ல் டேலின் மருமகன் ராபர்ட் ஓவன் ஆலை நிர்வாகத்தை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 28. மனிதனுடைய குணம் அவன் வளரும் சூழ்நிலையால் அமைவது. ஆதலின் சூழ்நிலையைத் திருத்தினால் மனிதன் திருந்துவான் என்பது அவர் கொள்கை. தலைவிதி என்றும் பிறவிக் குணம் என்றும் பேசிக் காலங் கழித்த உலகிற்கு இது பேரிடியாக இருந்தது. அவர் அநாதைக் குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டோரை ஆலையிலிருந்து விலக்கினார். நல்ல சரக்கை மலிவாக விற்கும் கடை திறந்து, அதன் இலாபத்தைக் கல்விக்குச் செலவிட்டார். அமெரிக்கப் பஞ்சு வரத்து தடைப்பட்டு நான்கு மாதம் சக்கரங்கள் ஓய்ந்தபோதும் முழுக் கூலி கொடுத்தார். 1816-ம் ஆண்டின் முதல் நாளில் அவர் திறந்த கல்விக் கூடத்தில் நடை பயிலும் குழந்தைகளும் சேர்ந்தனர். அங்கு பிரம்படி இல்லை; பாட்டும் ஆட்டமும் பாடமாயின. இத்தனையும் செய்தும் ஆலை இலாபமே ஈட்டிற்று.

ஓவனின் கிளர்ச்சியால் 1819-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பஞ்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. பத்து வயதையும் பத்தரை மணி நேரத்தையும் வரம்பாக அவர் கேட்டார். சட்டம் ஒன்பது வயதையும் பன்னிரண்டு மணி நேரத்தையும் விதித்தது. அதனையும் நிறைவேற்றத் தக்க அதிகாரிகள் நியமிக்கப்படவில்லை.

இவ்வளவு நன்மையிலும் ஒரு குறை இருந்தது. விதிகளை வகுத்தவர் ஓவன். தொழிலாளிக்கு அதில் வாக்கில்லை. தொழிலாளர் தம் தயவில் வாழ்ந்த அடிமைகளே என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கூட்டாளிகள் முரண்பட்டனர், குழந்தைகளின் ஆட்டபாட்டத்தையும் கண்டித்தனர். அவர் புதிய சமுதாயம் காண அமெரிக்கா சென்றார். ஆலை வேறு கைக்கு மாறிற்று.

ஆயினும் விதை வீண்போகவில்லை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், ஓவனின் கருத்துக்களிற் பற்றுக்கொண்டோர் உள்ளிட்ட 28 பேர், நெசவாளரும் பிற தொழிலாளருமாகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் திரட்டிக் கூட்டுறவுக் கடை திறந்தனர். நியூ லானார்க்கின் கடை முதலாளியின் கொடை. ராச்டேல் கடையோ உறுப்பினரின் உடைமை. அங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு.

நியூ லானார்க் ஆலை 1968-ல் மூடப்பட்டது. 2001-ல் அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. காண வருவோர் அணையையும் ஆலையையும் கண்டு வியக்கின்றனர். வியக்கட்டும். ஆனால் நல்ல முதலாளி ஒருவர் தோன்றுவார் என்று காத்திருப்பதைவிட, ராச்டேல் தொழிலாளரைப் போலத் தம் நலத்தைத் தாமே கூடிக் காத்துக்கொள்வதே உழைப்பவர்க்கு உறுதி பயக்கும். தயவாக வந்தது தயவோடு போகும். உரிமையாகப் பெற்றதே நிலைக்கும்.