பழவேற்காட்டின் முன்பணம்
1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை பழவேற்காட்டைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, துணி நெய்யப்படுமுன்பே உள்ளூர்ப் பெருவணிகர்களுக்கு முன்பணம் தந்தது. அவர்கள் வழியே நெசவாளரை அடைந்த அப்பணம், துணியைப் பிறருக்கு விற்கும் உரிமையையும் கட்டிவைத்தது. பழவேற்காடு ஏரி மீனவரிடையேயும் வலைக்கும் படகுக்கும் கடன் தந்த வியாபாரியிடமே, பெரும்பாலும் அவர் சொன்ன விலைக்கே, இறாலைக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. வலையிடும் இடத்தையும் நாளையும் முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ ஏற்பாட்டின் நியாயம் விற்பனையை எட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இத்தகைய முன்கடனுக்கு மாறாக, விற்றபின் வரவேண்டிய தொகைக்கான விலைப்பட்டியலை நிதி நிறுவனத்திடம் மாற்றி, சிறு கழிவுடன் உடனே பணம் பெறும் ‘ஃபேக்டரிங்’ முறைக்கு இந்தியாவில் 2012-இல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கோ எழுதிய பட்டியல் வேண்டும், கரை வியாபாரமோ பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடப்பது.