திண்ணைக்குத் திரும்பிய பள்ளி

பெருந்தொற்றுக் காலத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் மருத்துவமனைகளைப் பற்றி எழுதுவார்கள். மயானங்களைப் பற்றியும், தொழிலாளர் நடந்தே ஊர் திரும்பிய நெடுஞ்சாலைகளைப் பற்றியும் எழுதுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதா, கைப்பேசியின் முன் அமர்த்துவதா என்று தமிழகப் பெற்றோர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நடத்திய விவாதம் அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுமா என்பது ஐயமே. ஆயினும் அவ்விவாதத்தில் யாரிடம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால், நம் கல்வியைப் பற்றிய ஓர் உண்மை புலப்படுகிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து அதைச் சொல்ல முயல்கிறேன்.

2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாகத் தொற்று பரவியபோது, எண்ணிக்கை திடீரென உயர்ந்த மாவட்டங்களில் விழுப்புரமும் கடலூரும் இருந்தன. இதில் வியப்பில்லை. புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் ஊர் திண்டிவனம். இருப்புப்பாதைகள் பல திசையிலிருந்தும் வந்து கூடும் ஊர் விழுப்புரம். சென்னையில் பிழைத்து, நல்லது கெட்டதுக்கு ஊர் வந்து செல்லும் மக்கள் வாழும் பகுதி இது. ஆகவே இங்குள்ள பெற்றோருக்கு நோயச்சம் செய்தித்தாளில் படித்து அறிந்ததன்று. அடுத்த தெருவில் தகரம் அடித்து அடைக்கப்பட்டிருந்ததைக் கண்டு பெற்றது.

பள்ளிக்கு மாற்றாக வந்தவை இரண்டு. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அரசுப் பள்ளி மாணவருக்குப் பாடங்களை ஒளிபரப்பியது. தனியார் பள்ளிகள் இணையவழி வகுப்புகளை நடத்தின. வகுப்பறையே இல்லாதபோது கட்டணம் எதற்கு என்ற கேள்வி எழ, 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாக 75 விழுக்காட்டுக் கட்டணத்தை இரு தவணைகளில் வசூலிக்க அனுமதித்தது. அக்கேள்வியை எழுப்ப முடிந்தவர்கள் கட்டணம் கட்டும் பெற்றோர். மற்றவர்களுக்கு எழுந்த கேள்வி வேறு: வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி யாருக்கு? அசர் அமைப்பின் 2021ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புற மாணவர்களில் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆனால் அவ்வாறு இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிடைக்கவே இல்லை. தந்தை வேலைக்குச் செல்லும்போது வகுப்பறையும் அவருடைய சட்டைப்பையில் ஏறிச் சென்றுவிட்டது எனலாம்.

இந்நிலையில், 2020 நவம்பர் 16 முதல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைத் திறக்கலாம் என்று அறிவித்த அரசு, நவம்பர் 9 அன்று பள்ளிகளில் பெற்றோரிடம் கருத்துக் கேட்டது. பாடத்திட்டம், தேர்வு, கட்டடம் என எதிலும் பெற்றோரைக் கேட்டுப் பழக்கமில்லாத நம் கல்வித் துறையில் இது அரிய நிகழ்வு. கருத்துகள் இருவேறாகப் பிரிந்தன, திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் மீண்டும் கேட்டபோது பெரும்பான்மையோர் இசைந்தனர். ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள், பெற்றோரின் இசைவுக் கடிதத்தோடும் அறைக்கு 25 மாணவர் என்ற வரம்போடும் தொடங்கின.

அன்று முன்வைக்கப்பட்ட வாதங்களை இன்று எடைபோடும்போது ஒன்றை மறத்தலாகாது. 2020 நவம்பரில் தடுப்பூசி யாருக்கும் கிடைக்கவில்லை. 'படிப்பை அடுத்த வருஷம் படிச்சுக்கலாம், உசுரு போனா வருமா' என்ற தாயின் கேள்வி அறியாமை அன்று. ஒரே அறையில் பாட்டியும் பேரனும் உறங்கும் வீட்டின் கணக்கு அது. 'வீட்ல இருந்தா மட்டும் உள்ளயா கெடக்கிறான், ஊரெல்லாம் சுத்துறான். பள்ளிக்கூடத்துல வாத்தியாராவது பாத்துக்குவாரு' என்ற எதிர்வாதமும் கண்கூடான உண்மையே. இரண்டும் பள்ளியைப் பற்றிய வாதங்கள் போலத் தோன்றினாலும், உண்மையில் வீட்டைப் பற்றியவை.

நூறாண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டிலும் இதே வாதம் நடந்தது. 1918 இன்ஃப்ளூயன்சாவின்போது அமெரிக்க நகரங்கள் பலவும் பள்ளிகளை மூட, நியூயார்க் திறந்தே வைத்தது. ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களில் முக்கால் பங்கினர் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்பவர்கள். அவ்வீடுகளைவிடக் காற்றோட்டமும் மருத்துவக் கண்காணிப்பும் உள்ள பள்ளியே பாதுகாப்பானது என்றார் அந்நகரின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட். 1937இல் இளம்பிள்ளை வாதம் பரவியபோது சிகாகோ நேர்மாறான வழியைத் தேர்ந்தது. பாடங்களை வானொலியில் ஒலிபரப்பி, நிகழ்ச்சிநிரலை நாளிதழ்களில் அச்சிட்டார்கள். 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பயின்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கான அத்திட்டம் மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிட்டது. அதில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் இல்லை.

நம் கதையிலும் இல்லாதவர்கள் சிறு குழந்தைகளே. கருத்துக் கேட்பு இருமுறையும் மேல்வகுப்புப் பெற்றோரிடம் நடந்தது. பொதுத்தேர்வு என்னும் கண்ணாடி வழியாகவே கல்வியைக் காணும் நமக்கு அது இயல்பாகவும் தோன்றியது. 2021 மார்ச்சில் இரண்டாம் அலை எழுந்து 9, 10, 11ஆம் வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டதும், அவ்வாண்டு ஜூனில் 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டதும் பெருஞ்செய்திகளாயின. ஆனால் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் 1 வரை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதப் பழகிக்கொண்டிருந்த குழந்தை, பள்ளிக்குத் திரும்பியபோது மூன்றாம் வகுப்பில் இருந்தது. இடையில் சத்துணவுக்குப் பதிலாக உலர்பொருள்கள் தரப்பட்டன. எழுத்துக்கு அப்படியொரு பதிலி கிடைக்கவில்லை.

அந்தப் பதிலியைத் தேடிய முயற்சி இந்த மாவட்டத்திலேயே தொடங்கியது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் சாலை மரக்காணத்தை அடைகிறது. அவ்வூரை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணிநேரம் வகுப்பு; ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள்; மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலருள் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வகுப்பு கூடிய இடங்கள் வீட்டுத் திண்ணை, கோயில் முற்றம், சமுதாயக் கூடம். நேரடி வகுப்பா, திரைவழி வகுப்பா என்ற கேள்விக்கு, இரண்டும் அல்லாத பழைய விடையொன்று கிடைத்தது.

திண்ணைப் பள்ளி நமக்குப் புதிதன்று. 1822இல் தாமஸ் மன்றோ ஆணையிட்டு எடுக்கப்பட்ட கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவ்வெண்களைப் பெருமிதத்தோடு மேற்கோள் காட்டுவோர், அத்திண்ணைகளில் ஏற இடம் பெறாதவர்களைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. பெண்பிள்ளைகள் அங்கே மிகச் சிலர். ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏறத்தாழ இல்லை.

புதிய திண்ணை அவ்வகையில் மாறுபட்டது என்பதற்குச் சான்று உண்டு. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. 2019இல் அதே ஊர்களில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுகையில், 2021 டிசம்பரில் கணக்கில் பெரும் பின்னடைவு இருந்தது. மொழியில் அதில் ஏறத்தாழ பாதி. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது. இழப்பு எளியவர்களுக்கே மிகுதி. மீட்சியும் அவர்களுக்கே மிகுதி, ஏனெனில் திண்ணையை நாடி வந்தவர்களில் அவர்களின் பிள்ளைகளே அதிகம்.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலை எழுந்தபோது பள்ளிகள் மீண்டும் மூடின. பிப்ரவரி 1 அன்று 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளும் ஒன்றாகத் திறந்தன. அம்முறை பெரியவர்களுக்கு முதலில், சிறியவர்களுக்குக் கடைசியில் என்ற வரிசை இல்லை. இரண்டாண்டுகள் கற்பித்த பாடம் அது என்று கொள்ளலாம். இன்னொரு கொள்ளைநோய் வருமா என்பதை அறிவியலார் சொல்லட்டும். வந்தால், முதல் கருத்துக் கேட்பு ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் தாயிடமிருந்து தொடங்க வேண்டும். இழப்பதற்கு அதிகம் இருப்பவர் அவரே.