புகுமுக வகுப்பும் தோட்டக் குடும்பமும்: ஓராண்டின் விலை

முன்னுரை

மலேசியத் தோட்டப்புறத் தமிழ் மாணவர் உயர்கல்வியை எட்டிய வரலாறு பெரும்பாலும் தேர்வு முடிவுகளின் வழியாகவே பேசப்படுகிறது. தேர்ச்சி பெற்றோர் முயற்சியாளர் எனவும், இடைநின்றோர் ஊக்கமற்றோர் எனவும் எளிதில் பகுக்கப்படுகின்றனர். இப்பகுப்பு குடும்பத்தைக் கணக்கில் கொள்வதில்லை. மாணவரின் நம்பிக்கை அவர்தம் குடும்பம் உழைப்பைப் பங்கிட்டுத் தாங்கிய ஒன்று என்பதே நம் கருத்து. புகுமுக வகுப்பு எனும் ஓராண்டுப் படிப்பைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

கூடுதல் ஆண்டு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்க வகைசெய்தது. அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பில் ஏற்றது. எனினும், 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் அரசின் முழு உதவிபெறும் இடைநிலைப்பள்ளிகள் மலாய் அல்லது ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டன. தமிழிலும் சீனத்திலும் பயின்றுவந்தோர் இம்மொழி மாற்றத்திற்கு ஆயத்தமாகவே புகுமுக வகுப்பு அமைந்தது.

ஏழு வயதில் பள்ளி புகுந்தவர் பன்னிரண்டாம் வயதில் ஆறாம் ஆண்டை முடிப்பார். பதின்மூன்றில் புகுமுக வகுப்பு. எனவே பதினேழு வயதில் எழுதவேண்டிய எஸ்.பி.எம். தேர்வைப் பதினெட்டிலும், பத்தொன்பதில் எழுதவேண்டிய எஸ்.டி.பி.எம். தேர்வை இருபதிலும் எழுதினார். கல்வித் திட்டத்தில் இது மொழிப்பயிற்சிக்கான ஓராண்டு. தோட்டக் குடும்பத்திற்கோ, உழைக்கத்தக்க பிள்ளை ஒருவர் வருமானமின்றி இருக்கும் மேலும் ஓராண்டு.

குடும்பத்தின் கணக்கு

பதினெட்டு வயது, தோட்டத்தில் முழு ஆளாக உழைக்கும் வயது. பால்மரம் வெட்டுவோர் நாட்கூலியை நம்பியிருந்தனர். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளையின் பொறுப்பாயிற்று. குடியிருந்த லயத்து வீடும் வேலையோடு பிணைந்தது. பெற்றோர் ஓய்வுபெற்றால் வீட்டில் தொடர்ந்திருப்பது பெரும்பாலும் பிள்ளைகளுள் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்வதைப் பொறுத்திருந்தது.

இந்நிலையில் ஒருவர் படிப்பைத் தொடர, மற்றொருவர் அதனை விடவேண்டியிருந்தது. பல குடும்பங்களில் மூத்த மகளோ மகனோ பால்வாளி ஏந்தினார். இளையவர் புத்தகம் ஏந்தினார். பள்ளிப் பதிவேடு ஒருவரை இடைநின்றவர் என்றும், மற்றவரைத் தேறியவர் என்றும் தனித்தனியே குறிக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே முடிவினால் விளைந்தவை என்பதை அது காட்டுவதில்லை.

நிறுவனங்களின் துணை

குடும்பம் தனித்துச் சுமந்த இப்பாரத்தின் ஒரு பகுதியை நிறுவனங்கள் பிற்காலத்தில் பகிர்ந்துகொண்டன. துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்கள் வாங்கியதோடு, உறுப்பினர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவிநிதியும் வழங்கியது. 1975இல் தொடங்கிய அரசின் பாடநூல் இரவல் திட்டம் நூற்செலவைக் குறைத்தது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா நிறுவிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் பல்கலைக்கழக மாணவர்களையும் பட்டதாரிகளையும் பயிற்றுநராக்கியது. பத்துமலையை நோக்கிய அதன் கல்வி யாத்திரை பெற்றோரையும் பிள்ளைகளுடன் நடக்கச் செய்தது. பாடம் சொல்லித்தர இயலாத பெற்றோருக்கும் பிள்ளையின் கல்வியில் ஓர் இடம் உண்டு என்பதை அந்நடை உணர்த்தியது. பணவுதவி மட்டும் இதனைத் தந்திருக்க இயலாது.

முடிவுரை

மாணவரின் அடைவுநிலையை ஆராய்வோர் அவர்தம் உடன்பிறந்தாரின் கல்வியையும் உடன்வைத்து நோக்கவேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவர் தேர்வில் தடுமாறும்போது, அவருக்காக வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். அக்கடன் சிலருக்கு ஊக்கமாகிறது. சிலருக்குத் தோல்வியை வெளியே சொல்லவொண்ணாத சுமையாகிறது. படிப்பை விட்டுப் பிறரைப் படிக்கவைத்த அத்தலைமுறையினர் முதுமையெய்தி வருகின்றனர். தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாக மாறிவிட்டன. அவர்களின் வாய்மொழிச் சான்றுகளை ஊர்தோறும் தொகுப்பது தமிழாசிரியரும் பல்கலைக்கழகத் துறைகளும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.