எதிரியின் எஃகு

ஒரு தேசம் தன் ஆயுதங்களைப் பற்றிப் பேச நேர்ந்தால் வீரத்தைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்துவிடும். ஃபின்லாந்தின் ராணுவத் துப்பாக்கியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், அந்தப் பொருள் வீரத்தைவிடச் சங்கடமான ஒன்றைச் சொல்கிறது என்பதுதான்.

நூறு வருஷங்களுக்கு மேல் ஜாரின் ஆட்சியில் இருந்த ஃபின்லாந்து, 1917 டிசம்பர் 6 அன்று சுதந்திரப் பிரகடனம் செய்தது. சொந்தமாக ஒரு துப்பாக்கி இல்லை. கிடைத்தது ஜாரின் சேனையுடையது: 1891இல் ரஷ்யா ஏற்றுக்கொண்ட மோஸின் ரைஃபிள். 7.62 மில்லிமீட்டர் குழல், ஐந்து தோட்டாக்கள், ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டும். 1918 ஜனவரியில் வெள்ளையர் படை மேற்குக் கரையோரத்து ரஷ்ய முகாம்களை மடக்கி இவற்றைக் கைப்பற்றியது. தெற்கே தொழிலாளர்களின் செங்காவலருக்கும் ரஷ்யத் துருப்புகளிடமிருந்தே இவை வந்தன. பெரும்பாலும் ஒரே ரகத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரே ஜனங்கள் மூன்றரை மாதம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். சண்டை, பழிதீர்த்தல், சிறைமுகாம்களின் பசி, நோய் எல்லாம் சேர்ந்து 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். முப்பது லட்சத்துக்குச் சற்றே அதிகமான பேர் கொண்ட சிறிய தேசம் அது. ஃபின்லாந்துத் துப்பாக்கியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பனிக்காலப் போரின் வெண்பனியில் அல்ல.

ஜெயித்தவர்களும் அந்தத் துப்பாக்கியைத் தூக்கியெறியவில்லை. எறிய வசதியில்லை. பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதிதாக, கனமாக, துல்லியமாகக் குழல் செய்து பொருத்தினார்கள். ஆனால் குழல் திருகி நிற்கிற, போல்ட் ஓடுகிற எஃகுக் கூடு இருக்கிறதே, ரிஸீவர், அதை மட்டும் அவர்கள் செய்யவே இல்லை. போதாதபோது வேறு ஐரோப்பிய நாடுகளிடம் கிடந்த பழைய ரஷ்யத் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டார்கள். உயிர்நிலை எதிரியுடையது, பார்வையும் குறியும் தங்களுடையது.

இதிலும் பிளவு இருந்தது. ராணுவம் ஒரு பக்கம். வெள்ளையர் மரபில் வந்த தன்னார்வக் காவற்படை மறுபக்கம். காவற்படைக்கெனத் தனிப் பட்டறை. அதுதான் பின்னால் ஸாக்கோ என்று பேர்பெற்றது. காவற்படை 1924 மாதிரிக்கு ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் குழல் செய்வித்தது. பிறகு 28, 28-30 என்று தன் வழியே போயிற்று. ராணுவம் 1927 மாதிரி என்று வேறொன்றைச் செய்தது. குறிமுனையின் இருபுறமும் நாய்க்காதுபோல் நிமிர்ந்த காப்புத் தகடுகள் இருந்ததால் சிப்பாய்கள் அதற்கு ஸ்பிட்ஸ் நாயின் பெயரை வைத்தார்கள். ஒரே மூலத்திலிருந்து, ஒரே எதிரியை நினைத்து, ஒரு சிறு தேசம் இரண்டு துப்பாக்கிகள் செய்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் பொதுவான ஒரு மாதிரியை ஒப்புக்கொள்ள 1939 ஆயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்து இருபத்தொரு வருஷம்.

ஆனால் அந்தப் பொதுத் துப்பாக்கி வரும் முன்பே போர் வந்துவிட்டது. 1939 நவம்பர் 30இல் சோவியத் படை எல்லை தாண்டியது. 105 நாள். உலகம் அறிந்த குறிவீரர் ஸிமோ ஹாய்ஹாவின் கையில் இருந்தது காவற்படையின் 28-30தான். தொலைநோக்கி இல்லை, வெறும் இரும்புக் குறி. ரஷ்யரின் எஃகுக் கூட்டிலிருந்தே ரஷ்யர்கள் மேல் தோட்டா போயிற்று. இதில் கவிதை நியாயம் காண்பவர்கள் உண்டு. எனக்கு அது கூசுகிறது. 1918இல் அதே கூட்டிலிருந்து எந்தத் திசைக்குத் தோட்டா போயிற்று என்பதை மறந்தால்தான் அந்த ரசனை சாத்தியம்.

39ஆம் மாதிரி போர் ஓய்ந்த பிறகே வீரர்கள் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் செய்தார்கள். ஈரத்தில் மரம் முறுக்கிக்கொள்ளாதிருக்கக் கட்டையை இரண்டு துண்டாக அறுத்துப் பல்லுக்குப் பல் கோத்து ஒட்டினார்கள். குழலின் மேல் ஃபின்லாந்து முத்திரை. ஆனால் திருகுகளைக் கழற்றிக் கட்டையிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்து, கூட்டின் வாலைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ரஷ்ய ஆயுதச்சாலையின் குறி இருக்கும்; பெரும்பாலும் ஜார் காலத்தின் ஏதோ ஒரு வருஷம் இருக்கும். வெளியே தெரியாது. அழிக்கப்படவும் இல்லை.

1944இல் சமாதான நிபந்தனையின் பேரில் காவற்படை கலைக்கப்பட்டது. ஸாக்கோவைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். துப்பாக்கிப் பட்டறைக்குக் காயம் கட்டுபவர்கள் முதலாளி. 1962இல் ராணுவம் ஏற்ற புதிய துப்பாக்கியும் சோவியத் கலாஷ்னிகோவை ஒட்டிச் செய்ததுதான். 1980களில் குறிவீரர்களுக்குத் தனி ரைஃபிள் வேண்டியிருந்தபோது மறுபடி கிடங்கைத் திறந்து ஜார் காலத்துக் கூடுகளையே எடுத்து, புதுக்குழல் பூட்டினார்கள்.

சுயம் என்பதை மூலத்தின் சுத்தமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் துப்பாக்கி வெட்கம் தரும். இரவலையெல்லாம் நகல் என்று சிரிப்பவர்களுக்கும் இது பிடிபடாது, ஏனென்றால் மூலத்தைவிட இது நேராகச் சுட்டது. ஃபின்லாந்தியர் வாங்கியதை வாங்கியதாகவே வைத்துக்கொண்டு, தாங்கள் செய்ய முடிந்த பகுதியைப் பழுதில்லாமல் செய்தார்கள். அந்தச் சாதனை சின்னதல்ல. ஆனால் மரத்துக்கடியில் இருப்பது ஜாரின் வருஷம் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. 1918உம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு யாரும் முத்திரை குத்தவில்லை.