பூலியன் 'ஆர்' பூல் சொன்னது இல்லை

"டீயா, காபியா?"னு கேட்டா ரெண்டுல ஒண்ணுதான். ஆனா பைத்தான்ல 'ஆர்' போட்டா, ரெண்டு பக்கமும் ட்ரூவா இருந்தாலும் விடை ட்ரூதான். கோடிங் புதுசா கத்துக்கிறவங்க குழம்புற இடம் இது.

வேடிக்கை என்னன்னா, 'பூலியன்'ங்கிற பேருக்குக் காரணமான ஜார்ஜ் பூலே இதை ஏத்துக்கல. கல்லூரிப் பட்டம் இல்லாமலே அயர்லாந்தின் கார்க் நகரத்துல கணிதப் பேராசிரியர் ஆனவர் அவர். 1854-ல் வந்த அவரோட புத்தகத்துல, ரெண்டு தொகுப்பைக் கூட்டணும்னா ரெண்டுக்கும் பொதுவா எதுவும் இருக்கக் கூடாது. 1863-ல் ஜெவன்ஸ் என்ற இளைஞர் கடிதம் போட்டு வாதாடினார்: ஒரு தொகுப்போட அதையே கூட்டினா, அதே தொகுப்புதானே வரும்? பூல் மறுத்துட்டார். அடுத்த வருஷமே இறந்தும் போனார்.

நிலைச்சது ஜெவன்ஸோட 'ஆர்'. ஒட்டிக்கிட்டது பூலோட பேர். ஒண்ணு மட்டும் வேணும்னா? அதுக்குத்தான் 'எக்ஸ்-ஆர்' தனியா இருக்கு.