நான்கு பென்சில் செல்லில் ஓடிய ஆட்டங்கள்

நின்டெண்டோவின் பழைய கேம் பாய் கைக்குக் கிடைத்தால் அதில் எதை ஆடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தச் சின்னத் திரையை மனதில் வைத்து எழுதிய ஆட்டங்களை ஆடுங்கள். டிவியில் ஓடியதைச் சுருக்கி அதற்குள் திணித்தவற்றை விட்டுவிடுங்கள். ஆயிரத்துக்கும் மேல் கேசட் வந்த கருவி அது. இத்தனை வருடம் கழித்தும் உட்கார்ந்து ஆடும்படி இருப்பவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் ஏன் நின்றது என்று தெரிய, கருவி பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

கியோட்டோவில் 1889-ல் ஹனஃபுடா சீட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி நின்டெண்டோ. குன்பே யோகோய் 1965-ல் அங்கே சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. வேலை இல்லாத நேரத்தில், நீண்டு சுருங்கும் ஒரு பொம்மைக் கையைத் தனக்காகச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமௌச்சி கண்ணில் அது பட்டது. கோபித்துக்கொள்ளவில்லை, விற்பனைக்குத் தயார் செய்யச் சொன்னார். 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்து சக்கைப்போடு போட்டது. அதற்குப் பிறகு யோகோயின் வேலையே பொம்மை செய்வதுதான். புத்தம்புதுசாக வரும் விலை கூடிய பாகங்களின் பின்னால் ஓட வேண்டாம். எல்லோருக்கும் பழகி, விலை இறங்கி, என்னென்ன கோளாறு வரும் என்று தெரிந்துபோன பாகத்தை எடுத்து, யாரும் யோசிக்காத இடத்தில் வை என்பது அவர் கொள்கை. கால்குலேட்டர் திரை மலிந்த காலத்தில், 1980-ல், 'கேம் அண்ட் வாட்ச்' கைக்கருவி அப்படித்தான் வந்தது. 1982-ல் அதன் டாங்கி காங் பதிப்பில் கட்டை விரலுக்கு ஒரு சிலுவை வடிவப் பொத்தான் வைத்தார். இன்று கடையில் வாங்கும் கண்ட்ரோலர்களிலும் அதன் வாரிசைப் பார்க்கலாம்.

கேம் பாய் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. யோகோயின் குழுவில் அதன் உள் வேலையை முன்னின்று செய்தவர் பொறியாளர் சதோரு ஒகாடா. திரை 160-க்கு 144 புள்ளிகள். வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கே சாயல்கள். பின்னால் விளக்கு கிடையாது. முதலில் தேர்ந்தெடுத்த திரை, நேராகப் பார்த்தால் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தால் ஒன்றும் தெரியவில்லை. யமௌச்சி பார்த்துவிட்டு எதுவுமே தெரியவில்லையே என்று சொல்ல, ஷார்ப் கம்பெனியின் வேறு வகைத் திரைக்கு மாறினார்கள். அதற்கும் ஒரு குணம் உண்டு. வேகமாக நகரும் எதுவும் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். இடது ஓரத்தில் இருக்கும், கான்ட்ராஸ்ட் மாற்றும் சின்னச் சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் அது போகாது. கேம் பாய் ஆட்டம் எதையும் எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த நிழலைத்தான்.

எனக்குக் கேம் பாயைக் கொண்டுவந்தவர் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தாய்மாமா. தேவகோட்டையிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால்தான் ஆட முடியும். வெயில் திரையின் மேல் விழ வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் டார்ச்சைத் தோளில் இடுக்கிக்கொள்வேன். அடாரியின் லிங்க்ஸ், சேகாவின் கேம் கியர் இரண்டும் அதே சமயத்தில் கலர்த் திரையும் பின்விளக்குமாக வந்தவை. ஆனால் ஆறு பென்சில் செல் போட்டால் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு செல் போதும், 15 மணி நேரமாவது ஓடும். செல் வாங்க வீட்டில் காசு கேட்டு நிற்க வேண்டிய பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோகோய்க்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அந்தத் திரைக்கு அளவெடுத்ததுபோல் வந்தது டெட்ரிஸ். மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாதெமியின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எழுதியது. கையடக்கக் கருவிக்கான உரிமை கேட்டு வீடியோ கேம் வெளியீட்டாளர் ஹெங்க் ரோஜர்ஸ் 1989 பிப்ரவரியில் மாஸ்கோ போய், எலோர்க் என்ற அரசு நிறுவனத்தின் கதவைத் தட்டி, வாங்கியும் வந்தார். மரியோவைக் கேம் பாயோடு கொடுத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்று அமெரிக்க நின்டெண்டோவின் தலைவர் மினோரு அராகாவாவிடம் அவர் வாதாடியது பலித்தது. சுமார் மூன்றரைக் கோடிப் பிரதிகள் போயின. பின்னணி நகராது, துண்டு ஒன்று நிதானமாகக் கீழே இறங்கும், கலர் இல்லாமல் உருவத்தையும் கோட்டையும் வைத்தே எது எதுவென்று தெரியும். நம்மூரில் கேம் பாய் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் ஃபேன்ஸி ஸ்டோரிலும் திருவிழாக் கடையிலும் விற்ற '9999 இன் 1' பிரிக் கேமைத் தொடாத தொண்ணூறுகளின் பிள்ளைகள் குறைவு. வேறு யார் யாரோ செய்து விற்ற அந்தக் கருவியில் நாம் ஆடியதும் பஜித்னோவின் ஆட்டத்தின் நகல்தான்.

கருவியோடு முதல் நாளே வந்தது சூப்பர் மரியோ லேண்ட். மிகவும் கொண்டாடப்படுகிறது, நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். டிவி மரியோவைச் சுருக்கியதில் ஆள் எறும்பளவு ஆகிவிட்டான். ஹிரோகாசு டனாகாவின் இசைக்காக ஒரு தடவை ஆடலாம், பன்னிரண்டே கட்டங்கள். 1992-ல் வந்த இரண்டாவது பாகத்தில் மரியோவைப் பெரிதாக்கிவிட்டார்கள், அது மேல். அதே வருடம் வந்த 'கிர்பிஸ் ட்ரீம் லேண்ட்' ஆட்டத்தை வடிவமைத்த மசாஹிரோ சகுராய்க்கு அப்போது இருபது வயதைச் சுற்றித்தான். ஆடத் தெரியாதவர்களுக்காகச் செய்தது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள்.

1991-ன் மெட்ராய்டு இரண்டாம் பாகத்தைப் பற்றி நிறையப் பேருக்குக் குறை உண்டு. சாமுஸ் என்ற அந்த வீராங்கனையின் உருவம் திரையில் பெரிதாக இருப்பதால் சுற்றியிருப்பது கொஞ்சம்தான் தெரியும், குகை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வழி தவறும். எனக்குப் பிடித்ததே அதுதான். இருட்டுக் குகைக்குள் இறங்குகிற கதைக்கு இந்தத் திரைபோல் எது பொருந்தும்? வடிவமைத்தவர்களின் சாமர்த்தியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமுஸ் புதிய கவசம் அணிந்தால் டிவி ஆட்டத்தில் நிறம் மாறும். இங்கே நிறம் கிடையாது. அதனால் தோள்பட்டைகளை உருண்டையாகப் பெரிதாக்கினார்கள், கவசம் மாறியது பார்த்ததும் தெரியட்டும் என்று. பிற்பாடு கலரில் வந்த மெட்ராய்டு ஆட்டங்களிலும் அந்த உருண்டைத் தோள் அப்படியே தொடர்ந்தது. சாமுஸின் அடையாளமே இன்று அதுதான்.

செல்டா வரிசையின் 'லிங்க்ஸ் அவேக்கனிங்' 1993-ல் வந்தது. வேலை நேரம் முடிந்த பிறகு நின்டெண்டோ ஊழியர்கள் சிலர் கேம் பாயில் என்ன முடியும் என்று செய்து பார்த்ததில் முளைத்த ஆட்டம். இயக்கியவர் தகாஷி தெசுகா. இளவரசி செல்டா கதையில் வரமாட்டாள். கப்பல் உடைந்து கோஹோலிண்ட் தீவில் கரை ஒதுங்கிய நாயகன் லிங்க், மலை உச்சியில் ஒரு முட்டைக்குள் உறங்கும் காற்று மீனை எழுப்ப வேண்டும். எழுப்பினால் தீவுக்கு என்ன ஆகும் என்று தெரியவரும்போது பொத்தானை அழுத்த மனம் வராது. கருவியில் இரண்டே பொத்தான்கள் என்பதால் வாள்கூட நிரந்தரமில்லை; எந்த இரண்டு பொருள் வேண்டுமோ அவற்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். குதிக்க உதவும் இறகை ஒன்றிலும் ஓடும் செருப்பை இன்னொன்றிலும் போட்டு, ஓடிப்போய்ப் பெரிய பள்ளத்தைத் தாண்டுகிற கணத்தில், வாள் கையில் இல்லை என்பது நினைவுக்கு வரும். நிலம் வழுக்கி ஓடாது, ஒரு திரை முடிந்து அடுத்த திரை வரும். நிழல் தொல்லை அதனால் குறைவு.

எல்லாவற்றிலும் சிறந்தது எது என்றால் தயங்காமல் சொல்வேன், 1994-ன் டாங்கி காங். 1981-ல் ஆர்கேடில் வந்த பழைய ஆட்டத்தின் நான்கு கட்டங்கள் அப்படியே தொடங்கும். ஏணி ஏறி, உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி நான்கையும் முடித்தால் அத்தோடு தீர்ந்தது என்று நினைப்போம். டாங்கி காங் என்ற குரங்கு எழுந்து, கடத்தி வைத்திருந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடும். அங்கிருந்து இன்னும் 97 கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் புதிர்: சாவியைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வர வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மரியோ இதில் தலைகீழாகக் கையில் நிற்பான், கம்பியில் சுற்றித் தாவுவான். அடுத்த பஸ் ஸ்டாப் வருவதற்குள் ஒரு கட்டம் முடிந்துவிடும். சில கட்டங்களுக்கு ஒருமுறை தானே சேமித்துக்கொள்ளும். பயணத்தில் ஆடுகிறவனின் நேரத்தை மதித்து எழுதியது.

1996-ல் கருவிக்கு ஏழு வயது. அதன் காலம் முடிந்தது என்று பலரும் நினைத்திருந்தபோது பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் போக்கெமான் சிவப்பும் பச்சையும் வந்தன. அவற்றை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்து வளர்த்தவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் வயரைப் பார்த்ததும் பூச்சி ஒன்று அதன் வழியே ஊர்ந்து போவது அவர் மனதில் வந்தது. முடிக்க ஆறு வருடம் ஆனது. ஆட்டத்தில் பிடித்துச் சேர்க்க வேண்டிய உயிர்களில் சில சிவப்பில் மட்டும், சில பச்சையில் மட்டும். எல்லாம் வேண்டுமென்றால் இன்னொருவரிடம் போய் வயரை மாட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். கேசட்டில் கடைசி நேரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்ச, புரோகிராமர் ஷிகெகி மோரிமோட்டோ 151-வது உயிராக மியூவை உள்ளே வைத்தார். கைக்கருவியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போக வைத்த ஆட்டம் இது. தனியாக ஆடினால் பாதி ருசிதான்.

இவற்றோடு 'மோல் மேனியா' என்ற, அகழெலி தரையைக் குடைந்து போகும் புதிர் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996-ல் வந்து கவனிப்பாரின்றிப் போனது. ஸ்ட்ரீட் ஃபைட்டர், மார்ட்டல் காம்பாட் போன்ற சண்டைக் கேசட்டுகளை வாங்கவே வேண்டாம். பொத்தானை அழுத்தி, அடி விழக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

யோகோய் 1996-ல் நின்டெண்டோவை விட்டு விலகினார். 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் இறந்தார். கலர் மாடலையும் சேர்த்து உலகில் விற்ற கேம் பாய்கள் 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம். எடுத்து ஸ்விட்ச் போட்டால் நின்டெண்டோ பெயர் மேலிருந்து இறங்கி வந்து மணி அடிக்கும். அந்தப் பெயரைக் கருவி கேசட்டிலிருந்துதான் படிக்கிறது. தனக்குள் இருக்கும் பிரதியோடு ஒத்துப்போனால்தான் ஆட்டத்தைத் தொடங்கும். பெயர் வர வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டை வந்தால் கேசட்டின் பற்களில் அழுக்கு என்று அர்த்தம். வாயால் ஊதாதீர்கள், ஈரம் பட்டு அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். செல்டாவும் போக்கெமானும் சேமிக்க மறுத்தால் உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கும். செல்போன் ரிப்பேர் செய்பவரே சால்டரிங் வைத்து மாற்றித் தருவார். எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே பின் மூடியைத் திறந்து பழைய பென்சில் செல்களை வெளியே எடுத்துவிடுங்கள். நல்ல கருவிகள் பலவற்றைக் கெடுத்தது ஒழுகிய செல்தான்.