எந்த டேட்டாபேஸ்? ஒரு பஹணிக் கதை

போன வாரம் ஆபீஸில் ஒரு பஞ்சாயத்து. புது ப்ராஜெக்டுக்கு எந்த டேட்டாபேஸ்? ஒருத்தர் ஆரக்கிள் என்கிறார், இன்னொருத்தர் போஸ்ட்கிரெஸ், புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு மோங்கோடிபி. இரண்டு மணி நேரம் ஓடியது. என் முறை வந்ததும் எங்கள் கோலார் ஜில்லா கதையைச் சொன்னேன்.

பஹணி என்பது நம்ம ஊர் சிட்டா அடங்கல் மாதிரி. யார் நிலம், எவ்வளவு, என்ன பயிர் எல்லாம் அதில் இருக்கும். கர்நாடகம் முழுக்க சுமார் 9000 கிராமக் கணக்கர்கள் அதைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். நகல் வேண்டுமென்றால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கையில் ஏதாவது வைக்கவும் வேண்டும் :-)

1991-ல் மத்திய அரசுப் பணத்தில் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தார்கள். சரிவரவில்லை. பதிவேடு மாறுவது தாலுகாவில். அங்கே கம்ப்யூட்டர் வைக்கத் திட்டமே இல்லை. ஏற்றிய தகவல் பழசாகிப் போனது.

அடுத்து வந்தது 'பூமி'. ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்றார், மென்பொருள் எழுதியது என்.ஐ.சி. விஷுவல் பேசிக், எஸ்.க்யூ.எல். சர்வர் என்று அன்றைக்கு எல்லாரும் புழங்கியதுதான். சுமார் 2 கோடிப் பதிவுகள், 67 லட்சம் நில உடைமையாளர்கள். வரிசையும் கட்டமுமாக இருக்கும் பஹணிக்கு ரிலேஷனல் டேட்டாபேஸ் கச்சிதம்.

ஆனால் ஜெயித்தது வேறு நாலு முடிவுகளால். 177 தாலுகாக்களிலும் கம்ப்யூட்டர் அந்தந்த ஆபீஸிலேயே இருந்தது. பெயர் மாற்ற மனுக்கள் வந்த வரிசைப்படிதான் நகரும். திருத்தும் அதிகாரி கைரேகை வைத்தால்தான் உள்ளே போக முடியும். முக்கியமானது நாலாவது: கையெழுத்துப் பஹணி இனிச் செல்லாது என்றார்கள். இரண்டு பதிவேடு இருந்தால் எது நிஜம் என்ற சண்டை ஓயாது.

2002-ல் நண்பனோடு பங்காருபேட்டை தாலுகா ஆபீஸுக்குப் போனேன். 15 ரூபாய் கட்டினான், அச்சடித்த தாள் கைக்கு வந்தது. "உங்க வீட்டுக்கும் ஒண்ணு எடுத்துக்கோடா" என்றான்.

எங்கள் வீடு தங்கவயலில், ஸ்கெலட்டன் லைனில். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கிய குடும்பம். வீடு கம்பெனியுடையது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியாகிவிட்டது. மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தும் அந்த இரண்டு கோடியில் எங்களுக்கு ஒரு வரிசை கிடையாது. மென்பொருளில் பிழையில்லை. பஹணி கேட்கும் கேள்வி "இந்த நிலம் யாருடையது?" என்பது. "இங்கே யார் வாழ்ந்தார்கள்?" என்று அது கேட்பதே இல்லை.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். என்ன கேள்வி வரும், யார் எழுதுவார்கள், எங்கே எழுதுவார்கள், யார் விடுபடுவார்கள்? இந்த நாலுக்கும் பதில் எழுதிக்கொண்டு வா. டேட்டாபேஸை அரை மணியில் முடிவு பண்ணிடலாம்.